கிரிகரியும் கெர்ட்ரூடும் ஒரு கைவலையும்

கிரிகரிக்கு மீன் பிடிப்பதில் ஆசை இருந்த அளவுக்கு அதிர்ஷ்டம் இருந்ததில்லை. கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் நஜ்முதீன் வருஷாவருஷம் நடத்தும் சியாக்காப் பந்தயத்தில் ஆரம்பத்திலிருந்தே கலந்துகொள்கிற ஒருசிலரில் அவரும் ஒருவர். கொடுவா மீன் என்றால் இங்கே மலேசியாவில் பாதிப் பேருக்குப் புரியாது, சியாக்காப் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பந்தயம் என்றால் பெரிய கம்பெனிக்காரர்கள் கொடி கட்டி நடத்துவது போன்றதல்ல. வருஷத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், நான்கு குளங்கள். ஒவ்வொரு முறையும் எடை கூடின மூன்று மீன்களுக்கு மூன்று சின்னக் கோப்பைகள். நான்கு பந்தயத்தின் புள்ளிகளையும் கூட்டி, வருஷக் கடைசியில் ஒரு பெரிய கோப்பை. பிரிக்ஃபீல்ட்ஸில் கிரிகரியின் வீட்டு ஹாலில் விதவிதமான தூண்டில்கள் சுவரோடு சாய்ந்து நின்றன. கோப்பை மட்டும் ஒன்றுகூட இல்லை.

அவர் ஒரு லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். மனைவி கெர்ட்ரூட் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பயந்த பிள்ளைகளையும் பயமே இல்லாத பிள்ளைகளையும் ஒரே குரலில் வழிநடத்துகிறவள். அவள் மீன் பிடிக்கும் பக்கமே போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், "சனிக்கிழம சாயங்கால பூசைக்காச்சும் வாங்க" என்று முதல் நாளே ஞாபகப்படுத்துவாள். அதோடு சரி.

அந்த வருஷம் மார்ச் மாதம் டெங்கிலில் முதல் பந்தயம். அன்றைக்கு அவளிடம் பாடம் படிக்க வேண்டிய பெண் காய்ச்சல் என்று வரவில்லை.

"வீட்டுல உக்காந்து என்னா பண்ண? நானும் வரேன்," என்றாள் கெர்ட்ரூட்.

குடை, மடக்கு நாற்காலி, அவித்த கடலை, படிக்க ஒரு பத்திரிகை. அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். குளத்துக்குப் போனால் கிரிகரியின் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. அங்கே நிற்க வேண்டிய ஜெயராஜுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். நஜ்முதீன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே நடந்து வந்தார்.

"அக்கா, எடம் சும்மாதான கெடக்கு. நீங்க நில்லுங்கலா."

"எனக்கு என்னா தெரியும் பாய்? முள்ளு எந்தப் பக்கம்னுகூட தெரியாது."

"அண்ணன் இருக்காருல்ல, சொல்லித் தருவாரு."

அண்ணன் சொல்லித் தந்தார். தன்னிடமிருந்ததிலேயே பழைய தூண்டிலை எடுத்து, உயிர் இறாலை முள்ளில் கோத்து, தக்கையை மாட்டி, வீசியும் கொடுத்தார். "தக்க முங்குச்சின்னா என்னக் கூப்பிடு. நீயா எதும் செய்யாத" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய தக்கை முங்கியது. அவள் கூப்பிடவில்லை. சத்தம் கேட்டுத்தான் கிரிகரி திரும்பிப் பார்த்தார். தண்ணீரிலிருந்து வெள்ளித் தகடு போல ஒன்று எகிறி, வாயைத் திறந்து தலையை உதறி, தொபுக்கென்று விழுந்தது.

"சுத்து! சுத்துலா கெர்ட்டி! விட்டுறாத!"

அவள் சுற்றவில்லை. தூண்டில் நுனியைத் தாழ்த்தி, மீன் ஓடும்போது ஓட விட்டாள், நின்றபோது இழுத்தாள். மறுபடி ஓடியபோது மறுபடி விட்டாள்.

"இழுடி!"

"கத்தாதீங்க," என்றாள் திரும்பாமலே. கார் நடு ரோட்டில் நின்றுபோன மாணவனிடம் பேசும் அதே குரல்.

நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது மீன். அன்றைக்கு மூன்றாம் இடம். கிரிகரிக்குக் கிடைத்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு திலாப்பியா, அதற்குப் பந்தயத்தில் கணக்கே கிடையாது. நஜ்முதீன் மைக்கில், "நம்ம கிரிகரி அண்ணன் வொய்ஃப், ஃபர்ஸ்ட் டைம்!" என்று மூன்று முறை சொன்னார். கிரிகரியும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார். உண்மையிலேயே சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் அவள் அந்தச் சின்னக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு காரை ஓட்டியபடியே, "கிளட்ச விடுற மாதிரிதாங்க இருக்கு. ரொம்ப விட்டாலும் போச்சு, ரொம்பப் பிடிச்சாலும் போச்சு" என்றபோது, அவருக்கு ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டியதாயிற்று.

அடுத்த பந்தயத்துக்கு அவள் தனக்கென்று இடம் பதிந்துகொண்டாள். கிள்ளானில், கடலுக்குப் பக்கத்துக் குளம் ஒன்றில் நடந்தது. அதில் அவள் இரண்டாவது வந்தாள். கிரிகரியின் தக்கை காலையிலிருந்து மத்தியானம் வரை தியானத்தில் இருந்தது. போன இரண்டு வருஷமும் பெரிய கோப்பையைத் தூக்கியவன் யுகேந்திரன், கோழி லோரி ஓட்டும் பையன். அவனே வந்து அவளுடைய முடிச்சைக் கிட்டப் பார்த்துவிட்டு, "ஆன்டி, யாரு கட்டிக் குடுத்தா?" என்று கேட்டான்.

"யூடியூப் பாத்து நானே கட்டுனேன்."

"நல்ல கட்டு ஆன்டி." பிறகு கிரிகரியைப் பார்த்து, "அங்கிள், நீங்களும் ஆன்டிகிட்ட கேட்டுப் படிச்சிக்கிங்கலா" என்று சிரித்தான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். சாப்பாட்டு வரிசையில் நின்ற யாரோ ஒருவர் கிரிகரியைக் காட்டி, "இவருதான் அந்த அக்காவோட ஹஸ்பென்" என்று இன்னொருவருக்கு அறிமுகம் செய்ததோ வேடிக்கைக்கு அல்ல. அப்படித்தான் அவரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது பந்தயம் ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம், ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டையை வளைத்துப் போட்ட ஒரு குளத்தில். அன்றைக்குக் காலையிலேயே கெர்ட்ரூடுக்குப் பெரிய மீன் ஒன்று மாட்டிக்கொண்டது. குளத்தின் நடுவில் அது எகிறியபோது, எதிர்க்கரையில் நின்றவர்கள்கூட "ஓ!" என்றார்கள். அவள் நிதானமாகத் தளர்த்தி, இழுத்து, தளர்த்தி, கரைக்குக் கொண்டு வந்துவிட்டாள். மீனைக் கைவலையில் அள்ளிக் கரையேற்றினால்தான் கணக்கு. வலையைப் பிடிக்க இன்னொருவர் உதவலாம் என்பது நஜ்முதீனின் விதி. கிரிகரி வலையோடு ஓடி வந்தார்.

வலையைத் தண்ணீருக்குள் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், மீனை அதன் மேல் கொண்டு வருவது தூண்டில்காரர் வேலை. இது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கிரிகரிக்கும் தெரியும். ஆனாலும் மீனின் முதுகைக் கண்டதும் அவர் கை தானாக நீண்டுவிட்டது. வலை வளையம் வாலில் இடித்தது. மீன் ஒரு உதறு உதறியது. செவுள் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், நூல் அதில் பட்டு அறுந்தது. அவ்வளவுதான். கலங்கின தண்ணீரையும் காலி வலையையும் பார்த்துக்கொண்டு கிரிகரி நின்றார்.

"ஐயோ, பரவால்ல ஆன்டி," என்றான் யுகேந்திரன் அங்கிருந்தே. மற்றவர்கள் தங்கள் தக்கைகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். அதுதான் மோசமாக இருந்தது.

வீட்டுக்குப் போகும்போது கெர்ட்ரூட்தான் கார் ஓட்டினாள். இருவரும் சேர்ந்து போனால் எப்போதுமே அவள்தான் ஓட்டுவாள். சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

"வேணும்னு செஞ்சீங்களா?"

"இல்ல."

"சரி."

பச்சை விழுந்தது, அவள் ரேடியோவைப் போட்டாள்.

சொன்னது பொய்யில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் நூல் அறுந்த அந்த நொடியில், பதறுவதற்கு முன்னால், மனசுக்குள் ஏதோ ஒன்று லேசாக உட்கார்ந்துகொண்டதை அவர் கவனித்திருந்தார். மறுநாள் வேலையிடத்தில் பையன்கள் லிஃப்ட் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்க, அவர் பக்கத்தில் நின்று அதையேதான் யோசித்தார். ஒரு மீனுக்காகக் கட்டின மனைவி மேல் பொறாமைப்படுகிறவனா நான்? ஆமாம் என்றுதான் பதில் வந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், ரசத்தை ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டார்.

"கெர்ட்டி, நேத்து நீ கேட்டல்ல. வேணும்னு செய்யல. ஆனா மீனு போனப்ப ஒரு மாதிரி நிம்மதியா இருந்துச்சி."

அவள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"இத்தன வருஷமா பக்கத்து சீட்டுல உக்காந்து மனுஷங்க மூஞ்சியத்தான பாக்குறேன். எப்ப பிரேக்க மிதிப்பான், எப்ப மறப்பான்னு மூஞ்சியிலயே தெரிஞ்சிரும்."

கிரிகரிக்குக் காது சுட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவளே ரசச் சட்டியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி பேசினாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்கக்கூடாது. கிள்ளான்ல உங்க தக்க ஒரு தடவ லேசா ஆடுச்சில்ல?"

"ஆமா. அன்னிக்கு அந்த ஒரு தடவதான் ஆடுச்சி."

"பெரிய மீனா மட்டும் இருக்கக்கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்."

"மாதாகிட்டயா?"

"வேற யாருகிட்ட வேண்டுறது?"

கிரிகரி சிரிக்க ஆரம்பித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் அவருக்குப் புரையேறி, அவள் எழுந்து வந்து இடது கையால் முதுகில் தட்டும்படி ஆகிவிட்டது. "ரெண்டு பேரும் போய் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் செய்யணும்" என்றாள். அன்றைக்குப் பிறகு அவருக்கு அந்த விஷயம் அவ்வளவு கனக்கவில்லை.

கடைசிப் பந்தயம் நவம்பரில். மறுபடியும் கிள்ளான் குளம். அதற்குள் கைவலையைச் சரியாகப் பிடித்துப் பழகியே ஆக வேண்டும் என்று கிரிகரி ஒரே பிடியாக நின்றார். அவர்களுடைய மகள் ஸ்டெஃபனி சாலாக் செலாத்தானில் ஒரு கொண்டோவில் குடியிருந்தாள். அங்கே நீச்சல் குளம் உண்டு. ஒரு சனிக்கிழமை காலை, குளத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து இருவரும் இறங்கினார்கள். பெரிய தண்ணீர்ப் போத்தலை முக்கால்வாசி நிரப்பி, தூண்டில் நூலில் கட்டி, கெர்ட்ரூட் அந்தப் பக்கத்திலிருந்து இழுத்து வந்தாள். கிரிகரி இந்தப் பக்கம் படிக்கட்டில் முட்டி போட்டு, வலையைத் தண்ணீருக்குள் விட்டுக் காத்திருந்தார்.

"கைய நீட்டாதீங்க!"

"நீட்டல."

"நீட்டுறீங்க. வல அங்கயே இருக்கட்டும். நான் கொண்டாறேன். பொறுங்க... பொறுங்க... இப்ப தூக்குங்க!"

பத்து முறைக்கு மேல் போத்தலைக் கரையேற்றினார். காவல்கார நேப்பாளி வந்து கொஞ்ச நேரம் வாய் பிளந்து நின்றுவிட்டு, "அங்கிள், சினி தா போலே மன்சிங்!" என்றான், இங்கே மீன் பிடிக்கக்கூடாது என்று.

"மீனே இல்லயே," என்று போத்தலைத் தூக்கிக் காட்டினார் கிரிகரி.

அவனுக்கு அது இன்னும் கவலையாகப் போய்விட்டது. ஸ்டெஃபனிக்கு ஃபோன் போட்டான். அவள் நைட்டியோடு கீழே வந்து, "ப்பா, மானத்த வாங்காதீங்கப்பா" என்று இருவரையும் மேலே கூட்டிப் போய்த் தோசை ஊற்றிக் கொடுத்தாள்.

கடைசிப் பந்தயத்தன்று நிலைமை இதுதான். கெர்ட்ரூட் அன்றைக்கு முதலாவது வந்தால் பெரிய கோப்பை அவளுக்கு. வராவிட்டால், யுகேந்திரன் முதல் மூன்று இடத்துக்குள் இருந்தாலே கோப்பை மறுபடியும் அவனுக்கு. கிரிகரிக்கு எந்தக் கணக்கும் இல்லை. வழக்கம்போலப் பக்கத்து இடத்தில் தூண்டிலைப் போட்டுவிட்டு, அவளுக்கு வலை பிடிக்கத்தான் நின்றார்.

காலையில் யுகேந்திரன் ஐந்து கிலோ மீன் ஒன்றைத் தூக்கினான். பிறகு வானம் இருட்டி, இடி முழங்கியதும் நஜ்முதீன் மைக்கில் கத்தி எல்லாரையும் தகரக் கொட்டகைக்குள் ஓட வைத்தார். மழை சடசடவென்று கொட்டியது. யுகேந்திரன் கெர்ட்ரூடுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் கொடுத்தான். "சாப்பிடுங்க ஆன்டி, வயித்துல ஒண்ணும் இல்லாம என்கிட்ட தோத்துட்டா பாவம்" என்றான். அவள், "ஒனக்கு வச்சிக்கலா, மத்தியானம் அழுறப்ப பசிக்கும்" என்று சொல்லிக்கொண்டே வாங்கிப் பிரித்தாள்.

மழை விட்டதும் குளம் வேறு மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் குளிர்ந்து, ஓரத்தில் சின்ன மீன்கள் சிதறி ஓடின. நேரம் முடிய அதிகம் இல்லாதபோது கெர்ட்ரூடின் தக்கை சட்டென்று காணாமல் போனது. தூண்டில் வில்லாக வளைந்தது.

"வல!" என்றாள்.

கிரிகரி வலையை எடுக்கக் குனிந்தார். அப்போது அவருடைய தூண்டில், ஊன்றியிருந்த தாங்கியிலிருந்து பிய்த்துக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடியது. பாய்ந்து பிடித்தார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கனத்தை அவர் கை உணர்ந்ததே இல்லை.

"கெர்ட்டி, எனக்கும்!"

"என்னா எனக்கும்?"

"மீனு!"

இரண்டு மீன்களும் ஒரே நேரத்தில் எகிறின. பிறகு ஒன்று இடம், ஒன்று வலம் போகாமல் இரண்டும் ஒன்றையொன்று தாண்டி ஓடின. நூல்கள் குறுக்கே போயின. "குனிங்க! குனிங்க!" என்று கெர்ட்ரூட் அவர் தலைக்கு மேல் தூண்டிலைத் தூக்கித் தாண்டினாள். அவர் அவள் கைக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வந்தார். சகதியில் கால் வழுக்கி இருவரும் தோளோடு தோள் மோதிக்கொண்டார்கள். கரையில் இருந்தவர்கள் தங்கள் தூண்டிலை மறந்துவிட்டுப் பார்த்தார்கள்.

அவளுடைய மீன்தான் முதலில் களைத்தது. கிரிகரி தன் ரீலைத் தளர்த்தினார். மீன் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடட்டும் என்று தூண்டிலை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, முட்டி போட்டு, வலது கையால் வலையைத் தண்ணீருக்குள் விட்டார். அக்குளில் ரீல் 'கிர்ர்' என்று கத்திக்கொண்டே இருந்தது. அவர் வலையை அசைக்கவில்லை. அவள் கொண்டு வந்தாள். மீன் வலைக்கு மேலே வந்தது, சிவந்த கண் தெரிந்தது.

"இப்ப!"

தூக்கினார். மீன் உள்ளே இருந்தது. சுற்றிலும் ஒரே கைத்தட்டல்.

கெர்ட்ரூட் மீனைச் சாக்கில் போட்டுவிட்டு, அதே வலையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் மீன் இன்னும் போகவில்லை. பாதிக் குளத்துக்கு ஓடியிருந்தது. அவர் அவசரப்படவில்லை. அவளும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. மெதுவாகக் கரைக்கு வந்து அது ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, அதன் நீளத்தை இருவருமே ஒரே நேரத்தில் பார்த்தார்கள். தன்னுடையதை விடப் பெரிது என்பது கெர்ட்ரூடுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அது கரையேறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வலையைத் தண்ணீருக்குள் ஆழமாக இறக்கி, அசையாமல் பிடித்தாள். கிரிகரி கொண்டு வந்தார். ஒரே தூக்கில் தூக்கினாள்.

தராசில் அவளுடையது ஐந்து கிலோ எண்ணூறு. அவருடையது ஆறு கிலோ இருநூறு.

நஜ்முதீன் புள்ளிக் கணக்கை இன்னொரு முறை பார்த்துவிட்டு மைக்கை வாயருகே கொண்டு போனார். "இன்னிக்கு ஃபர்ஸ்ட், நம்ம கிரிகரி அண்ணன்! செகண்ட், அக்கா. தேர்ட், யுகேந்திரன். அப்படின்னா இந்த வருஷ சேம்பியன்..." கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். "அண்ணே, நீங்க அக்காவக் கவுத்துட்டீங்களேண்ணே!"

கொட்டகையே சிரித்தது. யுகேந்திரன் பெரிய கோப்பையை வாங்கிக்கொண்டு நேராகக் கிரிகரியிடம் வந்து அவரைக் கட்டிப்பிடித்தான். "அங்கிள், அடுத்த வருஷமும் ஆன்டி பக்கத்துலயே நில்லுங்க அங்கிள். எனக்காகலா!" கெர்ட்ரூட் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

காரில் ஏறியதும் கிரிகரி சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். கோப்பை மடியில் இருந்தது. கையளவு கோப்பை, தகரத்தில் தங்க முலாம், அதில் வாயைத் திறந்த ஒரு மீன். அதை எடுத்து ஒளித்து வைக்கவும் மனசில்லை, பார்த்துக்கொண்டே இருக்கவும் கூச்சமாக இருந்தது.

"கோவமா?" என்று கேட்டார்.

"இருக்காதா பின்ன? கையில வந்த கோப்ப." கண்ணாடியைப் பார்த்து வண்டியை ரோட்டுக்குத் திருப்பினாள். "வலையத் தூக்குறப்ப, ஒரு செக்கன் லேட்டா தூக்கலாமான்னு தோணிச்சி."

"அப்புறம் ஏன் தூக்குன?"

அவள் யோசித்தாள். "மீனு அழகா இருந்துச்சிங்க. நீங்களும் ஒழுங்காக் கொண்டாந்தீங்க. ஒழுங்கா ஓட்டுறவன நான் எப்படி ஃபெயில் பண்றது?"

கொஞ்ச தூரம் போனதும் அவள் கையை நீட்டினாள். "குடுங்க, பாப்போம்." ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சிக்னலில் நின்ற நேரத்தில் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னோடதவிட இது கொஞ்சம் பெருசுலா," என்று திருப்பிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் ஸ்டெஃபனி வந்தாள். இடுப்பு சரியாகிவிட்ட ஜெயராஜ் மனைவியோடு வந்தார். மாடியில் இருக்கும் கார்த்திகேசு மீன் வாசம் பிடித்து வந்தார். பெரிய மீன் எந்தச் சட்டியிலும் அடங்கவில்லை, மூன்று துண்டாக வெட்டி ஒன்றைப் புளி போட்டுக் குழம்பு வைத்து, ஒன்றை வறுத்து, ஒன்றை இஞ்சியும் சோயாவும் போட்டு அவித்தார்கள். கிரிகரி கதையைச் சொல்லத் தொடங்கினார். கெர்ட்ரூட் அடுப்படியிலிருந்தே, "அது அப்படி இல்ல, நான்தான் மொதல்ல கூப்பிட்டேன்" என்று குரல் கொடுத்தாள்.

"சரி, நீயே வந்து சொல்லு," என்றார் கிரிகரி. அவள் கரண்டியோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.